ஆறு மாசம் அசையாத சரக்கு

இவருக்கு இப்ப இருக்கிறது ஒரே ஒரு வார்த்தை. "சரி."

பசிக்குதான்னு கேட்டா சரி. பசிக்கலையான்னு கேட்டாலும் சரி. ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு காலையில பல்லு தேய்ச்சுக்கிட்டு இருந்த மனுஷன், வாஷ்பேசினைப் பிடிச்சபடியே தரையில உட்கார்ந்துட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூணும் ஒரே நாள்ல போச்சு. நாம சொல்றது அவருக்கு நல்லாவே புரியும், அவர் நினைக்கிறதுதான் வெளியே வராது, எதைச் சொல்லப் போனாலும் அந்த ஒரு வார்த்தையாவே வரும்னு டாக்டர் சொன்னார். கல்யாணம் ஆகி இருபத்திநாலு வருஷம் நான் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் ஆகாது"ன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம்தான் காது கொடுத்துக் கேட்பார். அந்த வாயில இப்ப சரியைத் தவிர வேற இல்லை. ஒரு தடவை ஆத்திரத்துல, "உங்க தலையை மொட்டை அடிச்சு விட்டுடட்டுமா?"ன்னு கேட்டேன். "சரி"ன்னார். சிரிச்சிட்டேன். அவரும் பாதி வாயில சிரிச்சார். அப்புறம் அடுப்படிக்குப் போய் நான் அழுதது தனிக் கதை.

இவர் பஸ் டிரைவர். காலையிலேர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிட்டு வீட்டுக்கு வருவார், கை கால் கழுவுவார், டிவிக்குக் கீழே இருக்கிற அந்தக் கறுப்பு கேம் பெட்டியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவார். நாற்பத்தொன்பது வயசு ஆம்பளை! எனக்குப் பத்திக்கிட்டு வரும். "பிள்ளைக் குட்டி இல்லாத வீட்டுல நீங்களே பிள்ளையாயிட்டீங்களா?"ன்னு கேட்பேன். கண்ணை எடுக்காம, "ஆமாம், எனக்கு ஒரு காப்பி கொடு"ன்னு சொல்வார். அந்த மாதிரி மனுஷன்கிட்ட சண்டை போட்டு யார் ஜெயிக்கிறது?

வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்த கேம் கம்பெனிக்காரன் தள்ளுபடி போடுவான். பத்து நாள் இருக்கும். இவருக்கு அது தேர்தல் மாதிரி. வாங்கணும்னு நினைக்கிறதையெல்லாம் வருஷம் பூரா ஒரு பட்டியல்ல போட்டு வச்சிருப்பார். ஆனா ஒரு தள்ளுபடிக்கு ஒண்ணுதான் வாங்குவார், அது அவரா வச்சுக்கிட்ட சட்டம். அந்த ஒண்ணு எதுங்கிறதுக்குத்தான் பத்து நாளும் உருட்டு. "ஏய் ஸ்டோரு, இங்க வந்து பாரேன். இதுவா, அதுவா?" நான் ஒரு குழாய் கம்பெனியில ஸ்டோர் கீப்பர், அதனால என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் திரும்பிக்கூடப் பார்க்காம, "எதையாவது வாங்கித் தொலைங்க"ன்னு சொல்வேன். இருபத்திநாலு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பக்கத்துல போய் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில, அவர் தலைமாட்டுல கிடந்த போன் 'டிங்'ன்னுச்சு. தள்ளுபடி ஆரம்பிச்சாச்சுன்னு மெசேஜ். கொஞ்ச நாளா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டே இருந்தவர், அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். கண்ணுல ஒரு வெளிச்சம். இடது கையைத் தூக்கி டிவி பக்கம் நீட்டினார். "சரி, சரி"ன்னார்.

உடனே அவர் போனைக் கையில எடுத்தேன். ஏன்னா, அந்த வாரம்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்க வர்ற டீச்சரம்மா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தாங்க. "அவர் மனசை விட்டுட்டார்மா. பயிற்சிக்கு வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார். இப்படியே போனா இருக்கிற ஒரு வார்த்தையும் நின்னுடும். அவருக்கு ஆசையா இருக்கிற ஏதாவது ஒண்ணைப் பிடிங்க. அதை வச்சுத்தான் இழுக்கணும்." ஆசையா இருக்கிறதுன்னா இதுதானே! இந்தத் தடவை நான் வாங்கித் தர்றேன், அவர் எதைக் கேட்கிறாரோ அதையே வாங்கித் தர்றேன்னு முடிவு பண்ணேன். பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தோரு விளையாட்டு.

ஒவ்வொண்ணா பேரைப் படிச்சேன். குதிரை மேல ஏறி வாள் சுத்துறது. சரி. கார் பந்தயம். சரி. கப்பல் கொள்ளைக்காரன். சரி. செத்தவனெல்லாம் எழுந்து வந்து கடிக்கிறது. சரி. இருபது தாண்டினதும் அந்தச் சரியிலயும் உயிர் இல்லை. நடுவுல கையைத் தூக்கி டிவியைக் காட்டுவார். போர் அடிக்குது போலன்னு நான் டிவியில செய்தியைப் போடுவேன். கண்ணை மூடிக்குவார்.

நீங்க கேட்கலாம், அந்தப் பெட்டியையே போட்டுக் காட்டியிருக்கலாமேன்னு. ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கே அவர் கையில பிடிச்சு ஆடுற கண்ட்ரோலரை எடுத்து பீரோவுக்குள்ள வச்சுட்டேன். ரெண்டு கையும் வேணும் அதுக்கு. கண்ணுல பட்டா வேதனைப்படுவாரேன்னு நினைச்சேன். ஒரு கையில ஆடுற மாதிரி ஏதாவது கிடைச்சா எடுக்கலாம், அது வரைக்கும் வேண்டாம்னு. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்.

டீச்சரம்மாகிட்ட கேட்டதுக்கு, "படமா காட்டுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு படம், அதுக்கு மேல வேண்டாம். கண்ணு எங்க போகுது, கை எங்க போகுதுன்னு பாருங்க"ன்னாங்க. எங்க ஸ்டோர்ல ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு அட்டை தொங்கும், எந்தச் சரக்கு என்னைக்கு வந்துச்சு, என்னைக்குப் போச்சுன்னு எழுதுறதுக்கு. அதுல எழுதாத அட்டையா ஒரு கட்டு எடுத்துட்டு வந்தேன். ஆபீஸ் பிரிண்டர்ல நாற்பத்தோரு படத்தையும் எடுத்து, மத்தியான சாப்பாட்டு நேரத்துல கத்தரிச்சு ஒட்டினேன். எங்க சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துட்டு, "என்னம்மா, வால்வுக்கெல்லாம் குதிரைப் படம் ஒட்டுறீங்க?"ன்னார். "புது மாடல் சார்"னேன்.

மூணு சாயங்காலம் இதே வேலை. தலையணையைச் சாய்ச்சு உட்கார வச்சு, மடியில பலகையைப் போட்டு, ரெண்டு ரெண்டு அட்டையா வைப்பேன். முதல் நாள் ரெண்டையும் பார்த்தார். ரெண்டாவது நாள் அட்டையைத் தாண்டி டிவியைப் பார்த்தார். மூணாவது நாள் இடது கையால பலகையோட சேர்த்துத் தள்ளிவிட்டார். நாற்பத்தோரு அட்டையும் கட்டிலுக்கு அடியில பறந்துச்சு.

எனக்கு வந்துச்சே கோபம்! "என்னதான்யா வேணும் உனக்கு?"ன்னு கத்திட்டேன். அவரை ஒருமையில பேசினது அதுதான் முதல் தடவை. "காலையில வேலைக்கு ஓடி, வந்து உனக்குப் பீ மூத்திரம் எடுத்து, இந்த எழவெல்லாம் ஒட்டிக் கொண்டாந்து வச்சா, தள்ளியா விடுறே? வாயில வரலைன்னா கையால காட்டித் தொலையேன்!" அவர் கையால காட்டினார். மறுபடியும் டிவியை. "சரி... சரி..."ன்னார், கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது. நான் கீழே உட்கார்ந்து அட்டையைப் பொறுக்க ஆரம்பிச்சேன். அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள் என் கொழுந்தன். அண்ணனும் தம்பியும் ஒண்ணா உட்கார்ந்து ஆடினவங்க. ஆனா தம்பி சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை. கரையைத் தொட்டாத்தான் போன் வேலை செய்யும். 'தம்பி, தள்ளுபடி போட்டிருக்கான், அண்ணனுக்கு ஒண்ணு வாங்கணும், எது வாங்கட்டும், சீக்கிரம் சொல்லுங்க'ன்னு மெசேஜ் அனுப்பினேன். போய்ச் சேராம, ஒத்தை டிக்கோட அது அப்படியே நின்னுச்சு.

திங்கக்கிழமை காலை பத்து மணிக்குத் தள்ளுபடி முடியுது. அன்னைக்கு லீவு சொல்லிட்டேன். ஒன்பது மணிக்கு மாடி வீட்டு அக்கா வந்தாங்க. நான் வேலைக்குப் போற நேரத்துல இவரைப் பார்த்துக்கிறது அவங்கதான். "இன்னும் முடிவு பண்ணலையா? என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட நாங்க இவ்வளவு யோசிக்கலையே"ன்னாங்க. "உங்க மாப்பிள்ளை எப்படி இருக்கார்னு ஊருக்கே தெரியும்க்கா"ன்னு சொல்லி அவங்களைக் காப்பி போட அனுப்பினேன்.

ஒன்பதே முக்கால் வரைக்கும் போனை உருட்டினேன். ஒரு கையில ஆடலாம்னு யாரோ எழுதியிருந்ததெல்லாம் குழந்தைங்க ஆடுற பொம்மை விளையாட்டு, அதை வாங்கி வச்சா அவரை அவமானப்படுத்துற மாதிரி இருக்கும். கடைசியில, எது முதல்ல இருக்கோ அதுதானே ரொம்பப் பிடிச்சதா இருக்கும்னு பட்டியல்ல முதல்ல இருந்த குதிரையையே முடிவு பண்ணேன். பீரோவைத் திறந்து கண்ட்ரோலரை எடுத்தேன். ஏழு மாசத் தூசியைத் துடைச்சு சார்ஜ் வயரைச் சொருகினேன். பெட்டியைப் போட்டேன். டிவியில அந்த நீலத் திரை வந்ததும், கட்டில்ல இவர் தலையைத் தூக்கினார். வாய் விட்டு ஒரு சத்தம் போட்டார். "சரி!"

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. "பொறுங்க, பொறுங்க, உங்க குதிரையைத்தான் வாங்குறேன்"னேன். 'வாங்கு'ன்னு இருந்த பொத்தானை அமுக்கினேன். வாங்கியாச்சு. அடுத்து ஒரு கட்டம் வந்துச்சு: பெட்டியில இடம் போதாது, எதையாவது நீக்கவும்னு. கீழே அவர் ஏற்கனவே வச்சிருந்த விளையாட்டெல்லாம் வரிசையா நின்னுச்சு. பேரு, எவ்வளவு இடம் பிடிக்குது, கடைசியா என்னைக்கு ஆடினதுன்னு மூணு கட்டம்.

இது எனக்குத் தெரிஞ்ச வேலை. பதினெட்டு வருஷமா இதைத்தான் செய்யறேன். புதுச் சரக்கு வாசல்ல வந்து நிக்குது, அலமாரியில இடம் இல்லைன்னா ஒரே விதிதான்: ஆறு மாசமா அசையாத சரக்கை எடு, அதுலயும் அதிக இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிறதை முதல்ல எடு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேதியைப் பார்த்தேன். எல்லாத்துக்கும் ஏழு மாசம், அதுக்கு மேல. அதிக இடத்தை அடைச்சிருந்தது ஏதோ ஊர் கட்டுற விளையாட்டு, படத்துல வீடும் ரோடுமா இருந்துச்சு. அதைத் தேர்ந்தெடுத்தேன்.

'சேமித்து வைத்திருப்பதையும் சேர்த்து நீக்கவா?'ன்னு கேட்டுச்சு.

"சரி! சரி! சரி! சரி!"

அவர்தான். இடது கையால கட்டில் கம்பியைப் போட்டுத் தட்டுறார். முகமெல்லாம் சிவந்து, பாதி உடம்பை எக்கிக்கிட்டு வர்றார். ஏழு மாசத்துல அவர்கிட்ட அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. அடுப்படியிலேர்ந்து மாடி வீட்டு அக்கா ஓடி வந்து, "அடேங்கப்பா, என்ன சந்தோஷம் பாரு உன் வீட்டுக்காரருக்கு!"ன்னு கையைத் தட்டினாங்க. எனக்கும் அழுகையும் சிரிப்புமா வந்துச்சு. "ஆச்சுங்க, இதோ ஆச்சு, ஒரு நிமிஷம்"னு சொல்லிக்கிட்டே ஆமாம்னு அமுக்கினேன். அலமாரியைக் காலி பண்ணினா துடைச்சும் வைக்கணும், பாதி வேலை எனக்குப் பிடிக்காது.

சத்தம் நின்னு போச்சு. திரும்பிப் பார்த்தேன். கை கம்பி மேலயே இருந்துச்சு, தட்டலை. அசந்துட்டார், பாவம்னு நினைச்சேன்.

குதிரை டவுன்லோட் ஆகி இறங்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. கண்ட்ரோலரை அவர் இடது கையில வச்சேன். டிவியில ஒரு வெள்ளைக் குதிரை மேல இரும்புச் சட்டை போட்ட ஒருத்தன் நின்னான். கை நடுங்கி ஏதோ பொத்தான்ல பட்டதும் நாலு அடி நடந்தான், ஒரு மரத்துல முட்டினான், அங்கேயே நின்னான். இவர் பார்க்கவே இல்லை. கண்ட்ரோலரைப் போர்வை மேல விட்டுட்டு சுவர் பக்கம் திரும்பிட்டார்.

மூணு மணிக்குத் தம்பி போன் பண்ணினார். கப்பல் கரைக்கு வந்திருக்கு. "அண்ணி, மெசேஜ் இப்பத்தான் பார்த்தேன். எதுவும் வாங்கிடாதீங்க."

"வாங்கிட்டேனே தம்பி. குதிரை."

"ஐயோ, அதுக்கு ரெண்டு கையும் பத்தாதே அண்ணி. அது போகட்டும், பணத்தைத் திருப்பி வாங்கிக்கலாம். அண்ணனுக்குப் புதுசு எதுக்கு? அவர்கிட்டதான் அவரோட ஊர் இருக்கே. அவசரமே கிடையாது அதுல, ஒரு கையில ஒவ்வொண்ணா மெதுவா வைக்கலாம், வேணும்கிறப்போ நிறுத்திக்கலாம். நாலு வருஷமா கட்டிட்டு இருக்கார் அண்ணி! அவர் ஓட்டின ரூட்டு அத்தனையும் அதுல போட்டிருக்கார். டெப்போ, பாலம், அந்தப் பள்ளிக்கூட வளைவு, எல்லாம். நம்ம வீட்டு வாசல்ல ஒரு பஸ் ஸ்டாப். அதுக்கு 'ஸ்டோர்'னு பேரு. உங்களுக்குக் காட்டவே இல்லையா?"

"ஊர் கட்டுறதா?"ன்னேன்.

"ஆமாம். அதைப் போட்டுக் கொடுத்துடுங்க, போதும். மனுஷன் எழுந்து உட்கார்ந்துடுவார்."

"அதை அழிச்சுட்டேன் தம்பி."

தம்பி, "பரவாயில்லை அண்ணி, விளையாட்டைத் திரும்ப இறக்கிக்கலாம். கட்டினது தனியா கம்பெனிக்காரன்கிட்ட பத்திரமா இருக்கும். மாசா மாசம் அண்ணன் சந்தா கட்டுவாரே, அது ஓடுதுல்ல?"ன்னார்.

ஓடலை. அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வீட்டுல உட்கார்ந்து வேண்டாத செலவையெல்லாம் நான்தான் ஒவ்வொண்ணா வெட்டினேன். அதையும் வெட்டினேன். கட்டலைன்னா ஆறு மாசம் வச்சிருந்துட்டு அழிச்சுடுவாங்களாம். அவங்களுக்கும் ஆறு மாசம்தான். தம்பி "சரி விடுங்க அண்ணி, நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு சொல்லிட்டு வேற என்னவோ பேசினார். கப்பல் கிளம்புது, அடுத்த கரைக்கு ஒன்பது நாள் ஆகும்னார். போனை வச்சுட்டேன்.

அந்த அறைக்குள்ள போக எனக்குக் கால் வரலை. வெள்ளிக்கிழமையிலேர்ந்து பத்து நாளா அந்தக் கை எதைக் காட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. காலையில கம்பியைத் தட்டினது என்னன்னும் தெரியுது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம், வேண்டாம்னு கத்தியிருக்கார். நானும் மாடி வீட்டு அக்காவும் சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கோம்.

கட்டில் ஓரத்துல உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடிச்சுக்கிட்டேன். "என்னங்க, உங்க ஊரை நான் அழிச்சுட்டேன். தெரியாம செஞ்சேன். திருப்பிக் கொண்டு வர முடியாதாம்"னேன். மறைக்கத் தோணலை, அவருக்குத்தான் எனக்கு முன்னாடியே தெரியுமே. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையை உருவிக்கலை.

"மன்னிச்சுடுங்க."

"சரி"ன்னார்.

அது மன்னிச்சுட்டேனா, போடி போன்னா, இல்லை வழக்கமா வர்ற அதே வார்த்தைதானா, என்னால கண்டுபிடிக்க முடியலை. டாக்டரைக் கேட்டா சொல்லுவாரா? யார் சொல்லுவா எனக்கு?

குதிரையைத் தூக்கிட்டு அந்த ஊர் விளையாட்டையே திரும்ப இறக்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துச்சு. டிவி பூரா வெறும் பச்சைத் தரை. ஒரு வீடு இல்லை, ஒரு ரோடு இல்லை. அவரை உட்கார வச்சு, நானும் பக்கத்துல உட்கார்ந்தேன், முதல் தடவையா. நடுவுல ஒரு கட்டம், உங்கள் ஊருக்குப் பெயர் வைக்கவும்னு கேட்டுச்சு. அதுக்குப் பதில் சொன்னாத்தான் மேல விடும் போல.

பழைய பேரையே வைக்கலாம்னு கையை எடுத்துட்டுப் போனேன், அப்படியே நின்னுட்டேன். நாலு வருஷம். தினமும் சாயங்காலம் இதே அறையில துணி மடிச்சிருக்கேன், பட்டாணி உரிச்சிருக்கேன், இவர் முதுகைப் பார்த்துத் திட்டியிருக்கேன். அந்த ஊருக்கு இவர் என்ன பேர் வச்சிருந்தார்னு எனக்குத் தெரியாது. தம்பியைக் கேட்க இன்னும் ஒன்பது நாள்.

"என்னங்க, உங்க ஊருக்கு என்ன பேர் வச்சிருந்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை அந்த வார்த்தை உடனே வரலை. உதடு குவிஞ்சுச்சு, நாக்கு மேல தொட்டுச்சு, கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுச்சு. சொல்லுங்க, சொல்லுங்கன்னு நானும் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். டிவியில பேர் எழுதுற கட்டத்துக்குள்ள ஒரு கோடு விட்டு விட்டு மின்னிக்கிட்டே இருந்துச்சு.

"சரி"ன்னார்.